பார்த்தாச்சுன்னு வச்சுக்குவோம்

மோட்டாரை நிறுத்தினோமா இல்லையா என்பது சம்பூர்ணத்துக்கு ஞாபகம் வரவே இல்லை. சுவிட்சை அமுக்கியது ஞாபகம் இருந்தது. கட்டை விரலின் நுனியில் அந்த டக் கூட இன்னும் இருந்தது. ஆனால் அது போடுவதற்கு அமுக்கியதா, நிறுத்துவதற்கு அமுக்கியதா, நேற்று அமுக்கியதுதான் இன்றைக்கு மாதிரி வந்து நிற்கிறதா என்பது பிடிபடவில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவு ஓபி வாசலில், இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியோடு இறுக்கிக்கொண்டிருந்த அவள் மனசுக்குள் மேல்தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் மாடியில் ஓடி, பக்கத்து வீட்டு மாடிக்குத் தாவி, அங்கே காய்ந்துகொண்டிருந்த கொத்தமல்லியை அடித்துக்கொண்டு போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்வாள், அதற்கு இவள் என்ன சொல்வாள், அதற்கு அவள் திரும்ப என்ன சொல்வாள் என்று சண்டை பாதி தூரம் வந்த பிறகுதான், இத்தனை கவலையும் கை கழுத்துக்குப் போகாமல் இருப்பதற்காக மனசு தேடிப் பிடித்துக்கொண்ட கவலை என்று அவளுக்கே தோன்றியது. தோன்றிய உடனே கை போய்விட்டது. இருந்தது. தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, வலது பக்கம் ஒதுங்கி, சின்ன நெல்லிக்காய் அளவில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. காலையில் கண்ணாடியில் பார்த்தபோதும் இதே அளவுதான். பஸ்ஸில் வரும்போது ஒரு சுற்றுப் பெரிதானது போலத் தெரிந்தது. பஸ் குலுக்கினால் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். இல்லை, தொட்டுத் தொட்டு நாமே வளர்க்கிறோமோ. இனி தொடக்கூடாது. ஒரே ஒரு தடவை, அளவு மாறவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும். இருந்தது.

அதைக் கண்டுபிடித்ததே வேஷத்தால்தான். நாத்தனாருக்குக் காதில் சீழ் வைத்தபோது துணைக்கு இதே ஆஸ்பத்திரிக்கு வந்தவள் சம்பூர்ணம். நாத்தனார் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, இவள்தான் காதுக்குள் ஈரத்துணியைத் திணித்த மாதிரி இருக்குதுங்க, பொழுது சாயச் சாய துணி காஞ்சு கல்லாகி உள்ளுக்குள்ள குத்துதுங்க என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போன வசுமதி மேடம் நின்று கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் கூப்பிட்டார். அந்த அம்மா பேராசிரியை. டாக்டர்களுக்கு நோயாளியிடம் பேசுவதற்கும் காது கொடுப்பதற்கும் பயிற்சி தந்தால் வைத்தியம் நன்றாக நடக்கிறதா, இல்லை எல்லாம் முன்போலவேதானா என்று ஆராய்ச்சி செய்கிறார். அதற்கு நோயாளி மாதிரி நடிக்க ஆள் வேண்டும். நான் ஏழாவதோட நின்னவளுங்க மேடம், எனக்கு இங்கிலீசு ஒண்ணும் வராதுங்க என்றாள் சம்பூர்ணம். உங்களுக்கு வலியைச் சொல்ல வருது, அது போதும் என்றார் மேடம். அத்தனை படித்தவர்களுக்குப் பேசுவதற்கா பாடம் என்று அன்றைக்கு வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள். அவளுக்குக் கிடைத்த பாத்திரம் இதுதான். வயிறு எரிகிறது என்று சொல்லிக்கொண்டு வரும் ஒரு பெண். உண்மையில் அவளுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை, புருஷன் செத்து அரை வருஷமாகித் தூக்கமில்லை, அதை டாக்டர் பதமாகக் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும். புருஷன் செத்தவள் என்றால் கழுத்தில் தாலி இருக்கக் கூடாது. கழட்ட மாட்டேனுங்க மேடம், வேணும்னா வேற ஆளப் பாத்துக்கங்க என்று அவள் பிடிவாதமாக நின்றதில், சரி, உள்ளே தள்ளி மறைத்துக்கொண்டால் போதும் என்று ஆயிற்று. அப்படித்தான் போன மாதம் ஒரு நாள் தாலிக்கொடியை ரவிக்கைக்குள் தள்ளி, கழுத்தோரம் வெளியே தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபோது, கொடிக்குப் பக்கத்தில் அது தட்டுப்பட்டது. முதலில் மாங்கல்யக் குண்டுதான் மேலே ஏறிக்கொண்டது என்று நினைத்தாள். குண்டு கீழேதான் இருந்தது.

உயிரோடு இருக்கிற புருஷனை நாளுக்கு நாலு தடவை சாகடித்தால் இப்படித்தான் வரும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பவர் அந்தப் புருஷன் நாச்சிமுத்துவாகத்தான் இருப்பார். அவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. பாரம் ஏற்றும் சின்ன வண்டி ஓட்டுகிறவர், சாயங்காலம் வந்து வண்டிச் சாவியை ஆணியில் மாட்டும்போதே, இன்னைக்கு எப்படிச் செத்தேன் என்று கேட்பார். நெஞ்சடைப்புங்க மாமா, எப்பவும் போலத்தான் என்பாள். சலிச்சுப் போச்சு, ஒரு மாறுதலுக்கு பாம்பு கடிச்சுன்னு சொல்லப்படாதா என்பார். அழுதியா என்பார். அழுதேன் என்றால் முகத்தில் ஒரு திருப்தி வரும். சோற்றைப் பிசைந்துகொண்டே, நெசமா போனாலும் இந்த அளவுக்கு அழுவியோ என்னமோ, இப்பவே கேட்டுக்கறது நல்லது என்பார். அவருக்கு விளையாட்டு. இவளுக்கோ ஒவ்வொரு தடவை வீட்டுக்காரரு தவறிட்டாருங்க என்ற வாக்கியத்தைச் சொல்லும்போதும் நாக்கு ஒரு கணம் தடுக்கும். அந்தத் தடுக்கல்தான் நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள் என்று மேடம் மெச்சினார். நடிப்பு என்று அவர் நினைத்தது பயம். வீட்டுக்கு வந்து காலையும் கையையும் கழுவி, மாரியம்மனைப் பார்த்து, சொன்னதெல்லாம் சொல்லுக்குத்தானம்மா, கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். அம்மன் அதைக் கேட்டு, சரி அவனை விட்டுவிடுகிறேன், ஆனால் யாராவது ஒருத்தர் என்று தீர்மானித்திருந்தால்? அப்படியானால் அவருக்கு ஒன்றுமில்லை. அந்த மட்டுக்கும் நல்லதுதான். இப்படி நினைத்ததும், ஐயோ அவருக்கு ரசம் வைக்கக்கூடத் தெரியாதே என்று தொண்டை அடைத்தது. தொண்டை அடைத்தது துக்கத்தாலா கட்டியாலா என்று அடுத்த கவலை வந்து குந்திக்கொண்டது.

"உங்களுக்கு என்னுங் அக்கா?"

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். பச்சைச் சேலை, கையில் சாப்பாடு கொண்டுவந்த தூக்குப்போசி. தன் பெயர் மரகதம், குடலிறக்கம் காட்ட வீட்டுக்காரரைக் கூட்டி வந்தது, வந்த மனுசன் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பாதது எல்லாவற்றையும் உட்கார்ந்த உடனேயே சொல்லி முடித்திருந்தாள். பதிலுக்கு இவளும் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா. கட்டி என்று சொல்லத்தான் சம்பூர்ணம் வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வாசனை, இரும்பு பெஞ்சு, என்ன என்று கேட்கும் குரல். நாக்கு தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"வவுறு எரியுதுங்க. தூக்கமே இல்லீங்க. வீட்டுக்காரரு தவறி அரை வருசமாச்சுங்க."

மரகதம் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடடா. பாவம், என்ன வயசுங்?"

சரியாக அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த பை அதிர்ந்தது. போனை எடுத்தால் திரை முழுக்க நாச்சிமுத்து, நாத்தனார் மகன் கல்யாணத்தில் எடுத்தது, மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். மேலே மாமா என்று எழுத்து. எடுக்காமல் விடலாம் என்றால் மரகதம் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"சொல்லுங்க மாமா."

"என்ன சம்பூ, செத்துட்டனா, இன்னும் இருக்கறனா?"

"இருக்கறீங்க, இருக்கறீங்க. என்ன விசயம்?"

"மோட்டாரு ஓடீட்டே இருந்துச்சு. நிறுத்தீட்டேன். பக்கத்து வீட்டம்மா ரெண்டு வார்த்தை பேசுச்சு, நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். அதைச் சொல்லத்தான். நீ அங்க கெடந்து கவலைப்படுவியே."

"மாமா," என்றாள். இப்போது சொல்லிவிடலாம். எனக்குக் கழுத்தில் ஒன்று வந்திருக்கிறது, நடிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன் என்று. "தயிரு மேல தட்டு மூடியிருக்குதான்னு பாருங்க," என்றாள்.

போனைப் பைக்குள் போட்டதும் மரகதம் கேட்டாள். "பேசுனது யாருங்?"

"வீட்டுக்காரருங்க."

மரகதம் பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கை கழுவும் முறைப் படத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவதுங்களா?" என்றாள்.

"இல்லீங்க. அதே ஆளுதானுங்க."

மரகதம் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறு நுனிக்கு நகர்ந்தாள். விளக்கம் சொல்லலாம் என்று சம்பூர்ணம் எழுந்தவள், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்தாள். வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு கிளம்பியது. இரண்டு நாளாக உள்ளே ஒன்றும் இறங்காத தொண்டை வழியாக அந்தச் சிரிப்பு தாராளமாக வெளியே வந்தது ஆச்சரியமாக இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதைப் பார்த்து மரகதம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள், நகர இடமில்லாமல் எழுந்து நின்றுகொண்டாள். சிரிப்பு அடங்கியதும் பழைய இடத்துக்கே பயம் வந்து உட்கார்ந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள். பெரிய டாக்டரா, சின்ன டாக்டரா. பெண் டாக்டராக இருந்தால் நன்றாக இருக்கும். இல்லை, பெண் டாக்டர் என்றால் இவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், அதைவிட ஆணே தேவலை. தெரிந்த முகமாக இல்லாவிட்டால் சரி. வாசல் திரை காற்றில் விலகியபோது உள்ளே மேசைக்குப் பின்னால் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் அவளுக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. டாக்டர் அஸ்வந்த்.

அஸ்வந்த் பயிற்சி அறையில் அவளிடம் பேசிய முதல் நாளை அந்தக் கல்லூரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வயிறு எரியுதுங்க என்றாள் இவள். எத்தனை நாளா இருக்கு என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினான். தூக்கம் இல்லீங்க என்றாள். எத்தனை நாளா இருக்கு. தட்டினான். வீட்டுக்காரரு தவறிட்டாருங்க என்றாள், நாக்கு தடுக்கி, கண் நிறைந்து. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, "எத்தனை நாளா இருக்கு?" என்றான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கூட்டாளிகள் சிரித்த சிரிப்பில் தடுப்பே அதிர்ந்தது. முடிந்ததும் நடிகர்களும் தங்கள் மனசில் பட்டதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதுதான் முறை. என் மூஞ்சியப் பாக்கவே இல்லீங்க டாக்டர் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பையன் காது நுனி வரை சிவந்து, தலையைக் குனிந்து, ஸாரிம்மா என்றான். வீட்டுக்குப் போயும் அந்தச் சிவந்த காதுகள் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவனைப் பெற்றவள் எந்த ஊரில் இருக்கிறாளோ, இதைக் கேட்டால் என்ன நினைப்பாளோ என்று ராத்திரி சாப்பிடும்போது கூடக் கவலைப்பட்டாள். அப்புறம் அவன் மாய்ந்து மாய்ந்து கற்றுக்கொண்டான் என்று கேள்வி. அதுவல்ல இப்போது பிரச்சினை. பயிற்சி முடிந்த டாக்டர்கள் அதை ஓபியிலும் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வேஷக்காரர்களை நோயாளிகளின் வரிசையில் அனுப்புவதும் ஆராய்ச்சியில் ஒரு பாகம். டம்மி பேஷண்ட் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று டாக்டர்களுக்கும் தெரியும். யார், எந்த நாள் என்பதுதான் தெரியாது. அந்த வரிசையில் இன்றைக்கு இவள் நிஜமாகவே வந்து உட்கார்ந்திருக்கிறாள். இது ஏன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தோன்றவில்லை? மோட்டாரைப் பற்றி யோசிக்கத் தெரிந்த மூளைக்கு இது ஏன் தெரியவில்லை? சிஸ்டர் பெயரைக் கூப்பிட்டார். கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து நடந்தன.

அஸ்வந்த் நிமிர்ந்தான். பார்த்தான். ஒரு கணம் முகத்தில் வெளிச்சம் வந்து, உடனே அதை அணைத்துக்கொண்டான். எழுந்து நின்றான். கம்ப்யூட்டர் திரையைக் கையால் ஓரமாகத் திருப்பி வைத்தான்.

"வணக்கம்மா. உக்காருங்க. என் பேரு டாக்டர் அஸ்வந்த். உங்களை எப்படிக் கூப்பிடணும்னு சொல்லுங்க."

"சம்பூர்ணமுங்க. உங்களுக்குத்தான் தெரியுமுங்களே டாக்டர்."

"தெரியாதுன்னு வச்சுக்குவோம்," என்று சொல்லி, அவள் பையை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே படம் பிடிக்கும் கருவி இருக்கிறதா என்று தேடும் பார்வை. "என்ன கஷ்டம்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்கம்மா. நான் நடுவுல பேச மாட்டேன்."

சொன்னாள். கழுத்தில் ஒரு கட்டி, போன மாதம் பார்த்தது, வலி இல்லை, விழுங்கும்போது மட்டும் என்னவோ தடுக்கிற மாதிரி. சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் சந்தேகமாக இருந்தது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நின்றது. எங்கே தாழ வேண்டுமோ அங்கே தாழ்ந்தது. நிஜத்தைச் சொல்லும்போது கொஞ்சம் உளற வேண்டாமா. நாத்தனார் மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாமா. அவனோ முழங்கைகளை மேசையில் ஊன்றி, சற்று முன்னால் சாய்ந்து, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், சரியான இடங்களில் தலையை ஆட்டினான்.

"இதுல உங்களுக்கு எது பயமா இருக்குன்னு சொல்ல முடியுமாம்மா?"

"புத்துநோயா இருக்குமோன்னு இருக்குதுங்க."

அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனசுக்குள் கூட அதை முழுசாகச் சொன்னதில்லை, முதல் எழுத்தோடு நிறுத்திவிடுவாள். சொன்ன பிறகு அறை அப்படியே இருந்தது. மின்விசிறி சுற்றியது. சிஸ்டர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். அஸ்வந்த், "அந்தப் பயம் நியாயமானதுதான்மா. உங்க இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். நீங்க தனியா இல்லை, நாங்க இருக்கோம்," என்றான். மேடம் சொல்லிக்கொடுத்த வரிசை ஒன்று கூடப் பிசகவில்லை. எத்தனை அழகாகச் சொல்கிறான் பிள்ளை என்று ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. இன்னொரு பக்கம், கடையில் பொம்மைக்குக் கட்டிய சேலையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவளுக்கென்று அதில் ஒன்றுமில்லை. அவன் நாற்காலியில் நிமிர்ந்தான்.

"சரிம்மா. இப்ப கழுத்தைப் பரிசோதிச்சுப் பார்த்தாச்சுன்னு வச்சுக்குவோம்."

பயிற்சி அறையில் யாரும் யாரையும் தொடுவதில்லை. பேச்சுதான் பாடம் என்பதால் அந்த இடம் வந்ததும் எல்லோரும் அதே வாக்கியத்தைச் சொல்லித் தாண்டிவிடுவார்கள். நாக்கு அவனுக்கும் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"வச்சுக்க வேண்டாமுங்க டாக்டர். நெசமாலுமே பாருங்க."

"அம்மா, அது இதுல கிடையாதே."

"நான் இன்னைக்கு அதுக்கு வரலீங்க. நோயாளியா வந்திருக்கறனுங்க."

அவன் சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டான். "அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்களா? மேடம் விவரம்தான்."

"மேடத்துக்குத் தெரியாதுங்க. ஆருக்குமே தெரியாதுங்க."

"டம்மி பேஷண்ட் யாராவது நான் டம்மின்னு சொல்லுவாங்களாம்மா?"

அதுவும் நியாயம்தானே. அவன் இடத்தில் இருந்தால் இவளும் நம்ப மாட்டாள். இவளைப் போல ஒருத்தி வந்து, இவளைப் போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னால் எப்படி நம்புவது. இருந்த நிஜத்தையெல்லாம் வேஷத்துக்கு எடுத்துக் கொடுத்தாகிவிட்டது, நிஜத்துக்கு என்று தனியாக ஒரு அழுகைகூட மீதம் வைக்கவில்லை. இதை நினைத்ததும் கண் நிறைந்து வழிந்தது. உடனே அவன் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைப் பதமாக அவள் பக்கம் நகர்த்திவிட்டு, சிஸ்டருக்குக் கேட்காமல், "போன தடவைய விட நல்லா பண்றீங்கம்மா. நான் சரியா பண்றேனா?" என்றான்.

சம்பூர்ணத்துக்குக் கோபம் வந்தது. கோபம் பாதி வழியில் சிரிப்பாயிற்று. அழுகையும் நிற்காமல் சிரிப்பும் நிற்காமல், மேசைக்கு மேல் கையை நீட்டி, அவன் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"இத மட்டும் நடிக்க முடியாதுங்க டாக்டர்."

சிஸ்டர் பஞ்சைப் போட்டுவிட்டு எழுந்தார். அஸ்வந்த் கையை எடுக்கப் போனவன், எடுக்கவில்லை. விரல்கள் நின்றன. பிறகு அவையே மெல்ல நகர்ந்து அதைக் கண்டுபிடித்தன. ஒரு பக்கம் அமுக்கின, மறு பக்கம் அமுக்கின. அவன் முகத்தில் இருந்த அத்தனை அழகான தலையாட்டலும் எங்கோ போய், வெறும் பையன் முகம் மிஞ்சியது. எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவள் பின்னால் நின்றான். கழுத்தைப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டுமாம். சிஸ்டர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். வாயில் வைத்துக்கொண்டு, நான் சொல்லும்போது முழுங்குங்க என்றான். முழுங்கினாள். இன்னொரு தடவை. முழுங்கினாள். இருபுறமும் அவனுடைய குளிர்ந்த விரல்கள். அவன் முகத்தை இவள் பார்க்க முடியாது, இவள் முகத்தை அவன் பார்க்க முடியாது. எதிரே சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தண்ணீரை விழுங்கும்போது, ஒரு மாதமாக இவள் ஒருத்தியே ஒளித்து ஒளித்துத் தூக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தின் மறு காதை யாரோ பிடித்துத் தூக்கிய மாதிரி கனம் குறைந்தது. கனம் குறைந்ததும் முதல் காரியமாகப் புரை ஏறிற்று. தண்ணீர் சேலையெல்லாம் சிந்தியது.

"அம்மா," என்றான் பின்னாலிருந்து. "இது நிஜம்."

"அதைத்தானுங்க அப்பலேருந்து சொல்லீட்டிருக்கறேன்."

அவன் வந்து உட்கார்ந்தான். காதுகள் சிவந்திருந்தன. "ஸாரிம்மா. நான் ஒரு முட்டாள். இது... இருங்க. முழுங்கும்போது மேல ஏறுது. அப்படின்னா தைராய்டுல இருக்கு. மெத்துன்னு, வழுவழுன்னு இருக்கு. அது நல்லதுதான். நல்லதுன்னா, நல்லதுன்னு இல்ல, கெட்டதா இருக்க வாய்ப்பு கம்மி. ஸ்கேன் பாக்கணும். ஊசி வச்சு எடுத்துப் பாக்கணும்."

"புத்துநோயுங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா. இருக்காதுன்னு நினைக்கிறேன். தெரியாம இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

இந்தப் பதில் மேடத்தின் பாடத்தில் எந்த இடத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நாலு நாள் பட்டினிக்குப் பிறகு ஒரு வாய் கஞ்சி போல உள்ளே இறங்கியது.

"வீட்ல யாருக்கு தெரியும்?"

"உங்களுக்குத்தானுங்க முதல்ல."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். பிறகு சிஸ்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு, அவனே அவளை ஸ்கேன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெளியே மரகதமும் டீ குடித்துவிட்டு வந்த அவள் வீட்டுக்காரரும் இவர்கள் போவதையே பார்த்தார்கள். கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி, திரையில் கறுப்பாக ஒரு வட்டத்தைக் காட்டினார்கள். உள்ளே தண்ணிதான் இருக்கு, நீர்க்கட்டி என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். அங்கேயே ஊசியும் குத்தினார்கள். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லையே, சரியான இடத்தில்தான் குத்தினார்களா என்று கவலையாக இருந்தது. ஊசிக் குழாயில் காய்ச்சிய டீத்தூள் தண்ணி மாதிரி ஏறி வந்தது. பஞ்சை வைத்து அமுக்கிவிட்டு, தொட்டுப் பாருங்கம்மா என்றான் அஸ்வந்த். தொட்டாள். வலது பக்கம், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே. தேடினாள். இடது பக்கமும் தேடிப் பார்த்தாள். கழுத்து மட்டும்தான் இருந்தது.

"இந்தத் தண்ணிய லேபுக்கு அனுப்பறேன். திரும்பவும் ஊறலாம், அப்ப திரும்ப எடுத்துக்கலாம். கெட்டது எதுவும் இல்லைன்னு வியாழக்கிழமை ரிப்போர்ட் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். என்ன வந்தாலும் நானே சொல்றேன். வீட்ல சொல்லி, கூட்டிட்டு வாங்க."

வாசலுக்கு வந்து வேப்பமர நிழலில் நின்றாள். வியாழக்கிழமை வரைக்கும் கவலைப்படலாம், அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டிய கழுத்தோடு, நனைந்த சேலையோடு, பசி எடுத்தது. போனை எடுத்தாள். மாலை போட்ட நாச்சிமுத்து சிரித்தார்.

"மாமா, எனக்குக் கழுத்துல ஒரு கட்டி இருந்துச்சுங்க. ஒரு மாசமா. உங்ககிட்ட சொல்லல. இன்னைக்கு அதைக் காட்டத்தான் வந்தேன். ஊசி வச்சு எடுத்துட்டாங்க. வியாழக்கெழமை ரிப்போர்ட்டு வருமுங்க."

அந்தப் பக்கம் வண்டி ஓடும் சத்தம் நின்றது. ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"எங்க நிக்கற?"

"ஆஸ்பத்திரி வாசல்லீங்க."

"அங்கயே நில்லு. நகராத. வர்றேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. சம்பூர்ணம் நின்றாள். நின்ற கொஞ்ச நேரத்திலேயே உள்ளுக்குள் ஒன்று புரண்டது. மனுசன் படபடப்பில் வண்டியை முறுக்கிக்கொண்டு வருவாரே, மேம்பாலத்துக்குக் கீழே லாரியெல்லாம் குறுக்கே வருமே, மெதுவாக வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டோமே. திரும்பக் கூப்பிட்டால் வண்டி ஓட்டும்போது போனை எடுப்பார், அது இன்னும் மோசம். கூப்பிடாமல் விட்டால் வேகமாக வருவார். போனை எடுப்பதும் பைக்குள் போடுவதுமாக, சாலையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, அவள் தன் பழைய உடம்போடு நிம்மதியாகக் கவலைப்பட ஆரம்பித்தாள்.